மைதானத்துப் பாட்டும் நான் விழுங்கிய கேள்வியும்

உங்களில் அநேகர் இங்கே டென்மார்க்கில் பிறந்தவர்கள். டேனிஷ் உங்கள் வாயில் தானாக வரும். நான் முப்பது வருடம் அந்த மொழியில் உழைத்தும், கடையில் பாண் கேட்டால் இன்றைக்கும் ஒருமுறை திருப்பிக் கேட்கிறார்கள். ஆகவே சொற்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. பொலிஸ் நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் நீதிமன்றத்திலும் மொழிபெயர்ப்பாளராக உட்காரப் போகும் உங்களுக்கு, நான் பிழை விட்டுப் பிறகு திருத்திக்கொண்ட ஒரு வழக்கைச் சொல்கிறேன். அந்தப் பிழைக்கும் மொழி அறிவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன்.

பிற்பாடு பத்திரிகைகள் 'தமிழர் வழக்கு' என்று பெயரிட்ட அந்த ஆண்டுகள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருந்த மனைவி பிள்ளைகளைக் கூப்பிட எங்கள் ஆண்கள் போட்ட விண்ணப்பங்கள் அசையாமல் கிடந்தன. ஏன் என்று எவருக்கும் தெரியாது. பின்னால் விசாரணை நடந்தது, சட்டத்துக்கு மாறாக அவை நிறுத்திவைக்கப்பட்டிருந்தன என்று வெளியே வந்தது, ஓர் அரசாங்கமே பதவி விலகியது. அதெல்லாம் பின்னால். அப்போது எங்கள் ஆட்கள் தங்களுக்குத் தாங்களே காரணம் கண்டுபிடித்தார்கள். விளக்கில்லாமல் சைக்கிள் ஓடிப் பிடிபட்டதால்தான் என் விண்ணப்பக் கோவை நிற்கிறது என்றார் ஒருவர். காய்ச்சலென்று வேலைக்கு நாலு நாள் போகாததுதான் குற்றம் என்று இன்னொருவர் நம்பினார். பொலிஸின் கண்ணில் படாமல், எந்தக் கடதாசியிலும் பெயர் வராமல் இருந்தால் மனிசியும் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள் என்பது அன்றைக்கு ஒரு மதம் மாதிரி.

நானும் கணவரும் மன்னாரிலிருந்து ஒன்றாகவே வந்துவிட்டோம். வைலேயில் வீடு. ஊரில் படிப்பித்தவள் என்பதால் எல்லோரும் என்னை 'ரீச்சர்' என்பார்கள். மற்றவர்கள் அனுபவித்த அந்தப் பிரிவு எனக்கு இல்லை. அதில் எனக்கு ஒரு குற்ற உணர்வு இருந்தது. நான் விட்ட பிழைக்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு திங்கட்கிழமை காலை பொலிஸ் என்னை மொழிபெயர்ப்புக்கு ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டது. யூலண்ட் பகுதியில்தான், நகரத்தின் பெயர் தேவையில்லை. கட்டிலில் இருந்தவர் குலசிங்கம். முப்பத்தைந்து வயதிருக்கும். கிரின்ஸ்டெட்டில் தொழிற்சாலை வேலை. ஞாயிறு மத்தியானம் நண்பர் ஒருவரின் வீட்டில் சாப்பிட வந்திருக்கிறார். கிரின்ஸ்டெட்டுக்கு ஞாயிற்றுக்கிழமையில் பஸ் அருமை. அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணித்தியாலம் இருந்ததால் சும்மா நடந்திருக்கிறார். நடந்த வழியில் உதைபந்தாட்ட மைதானம்.

அந்த நாட்களில் ஆட்டம் நடக்கும் ஞாயிறுகளில் எங்கள் ஆட்கள் மைதானப் பக்கம் போகமாட்டார்கள். ஆட்டத்துக்கு வரும் சனத்துக்குப் பயந்து அல்ல. அந்தச் சனத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. மொட்டைத் தலை, தடித்த சப்பாத்து. வாசலில் நின்று கடதாசி கொடுப்பார்கள். வெளிநாட்டாரை விரட்டவேண்டும் என்று அதில் இருக்கும். பாதிப் பேர் ஆட்டம் பார்க்க உள்ளேயே போகமாட்டார்கள். ஆட்டம் முடிந்து, பியர் குடித்த இளைஞர்கள் தோல்விக் கோபத்தோடு வெளியே வரும் நேரத்துக்காகக் காத்திருப்பார்கள். குலசிங்கத்துக்கு இது தெரியாது. அவருக்கு அந்த நகரம் புதிது.

தோள் எலும்பு உடைந்திருந்தது. முன்பல் இரண்டு இல்லை. இடது காதில் பஞ்சு. பொலிஸ்காரர் கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டு, என்ன நடந்தது என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

குலசிங்கம் என்னையே பார்த்தார். "ரீச்சர், நான் ஒண்டு கேக்கிறன், இதை அவருக்குச் சொல்லாதேங்கோ. அடிச்சவங்களைக் காட்டிக் குடுத்தா என்ர மனிசியின்ர கோவைக்கு ஏதும் பிழை வருமோ? ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் அங்க கிடக்குதுகள். ரெண்டு வருசமாப் பதில் இல்லை. வேண்டாம் ரீச்சர், நான் விழுந்திட்டன் எண்டு சொல்லுங்கோ."

பொலிஸ்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நீளமாகப் பேசிய மனிதருக்கு நான் கொடுத்த டேனிஷ் ஒரே ஒரு வசனம்: "நான் விழுந்துவிட்டேன் என்கிறார்."

"இவ்வளவுதானா சொன்னார்?"

"ஓம், இவ்வளவுதான்."

சப்பாத்தின் அச்சு முதுகில் பதிந்திருந்த மனிதர் விழுந்தார் என்பதை அவர் நம்பவில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டார். கொப்பியை மூடினார். எனக்கோ நல்ல காரியம் ஒன்று செய்த நிறைவு. எங்கள் ஆளைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வைலேக்கு ரயில் ஏறினேன்.

மூன்று கிழமைக்குள் அதே மைதானத்துக்கு வெளியே இன்னொருவரை அடித்தார்கள். அவர் தமிழர் அல்ல. பீட்சாக் கடையில் வேலை செய்த ஈரானியர். பத்திரிகையில் நான்கு வரி. நான் அதைச் சமையலறையில் நின்றபடி வாசித்தேன். அடுப்பில் இருந்த பருப்பு அடிப்பிடித்தது. யாரும் என்னைக் குற்றம் சாட்டவில்லை. என் பெயர் அதில் எங்கும் இல்லை. ஆனால் அந்த நான்கு வரியில் ஒரு வரி என்னுடையது என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு, நான் எதிர்பாராத இடத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். பால் தொழிற்சாலைத் தொழிலாளி, ஐம்பது வயது டேனிஷ்காரர். இருபது வருடமாக அந்தக் கழகத்தின் ஆதரவாளர். மைதானத்தில் ஒரே இடத்தில் நின்று ஆட்டம் பார்க்கிறவர். அவர் பொலிஸுக்குப் போய், இரண்டு அடிதடியையும் தான் பார்த்ததாகச் சொன்னார். முதலாவதை ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "எங்கள் பெடியன்கள் இரண்டு பேர் அதில் நின்றார்கள், அதனால் வாயை மூடிக்கொண்டேன்" என்றாராம். அந்தக் கூட்டம் எப்படி உள்ளே வந்தது என்பதையும் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் இதைவிடத் தெளிவாக எந்த நிபுணரும் எனக்குச் சொன்னதில்லை: "முதலில் எங்கள் பெடியன்களுக்குப் பியர் வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு அவர்களோடு சேர்ந்து எங்கள் பாட்டைப் பாடினார்கள். பிறகு அந்தப் பாட்டுக்குப் புதுச் சொல் சொல்லிக் கொடுத்தார்கள்."

சாட்சி கிடைத்துவிட்டது. அடிபட்டவர் மட்டும் விழுந்தேன் என்கிறார். பொலிஸ்காரர் குலசிங்கத்தை மறுபடி கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார்.

இம்முறை அறைக்குள் போனதும், எவரும் வாய் திறக்கும் முன், முதலில் தமிழிலும் பிறகு டேனிஷிலும் நான் ஒன்று சொன்னேன்: "இந்த அறையில் யார் எது சொன்னாலும் நான் மொழிபெயர்ப்பேன். மற்றவருக்குத் தெரியக்கூடாதது எதையும் என்னிடம் சொல்லவேண்டாம்."

குலசிங்கத்தின் முகம் வாடிவிட்டது. "அப்ப நான் ஆரிட்டக் கேக்கிறது ரீச்சர்?"

அதையும் மொழிபெயர்த்தேன். பொலிஸ்காரர் நிமிர்ந்தார். "என்ன கேட்கவேண்டும்? என்னிடம் கேட்கட்டும்."

நான் குலசிங்கத்தைப் பார்த்தேன். "அண்ணை, அவரிட்டையே கேளுங்கோ. நான் ஒரு சொல்லும் விடாமல் சொல்லுவன்."

அவர் கதிரையைப் பொலிஸ்காரர் பக்கம் திருப்பினார். பிறகு கேட்டார். அடித்தவர்களைச் சொன்னால் மனைவியின் விண்ணப்பத்துக்குக் கேடு வருமா என்ற அதே கேள்வி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்ட அதே சொற்கள்.

பொலிஸ்காரர் வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. "அந்தக் கோவை என் கையில் இல்லை. அது ஏன் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த வழக்கில் நீங்கள் அடிபட்டவர், அடித்தவர் அல்ல. அதை எழுதிக் கையொப்பமிட்டு இன்றைக்கே உங்கள் கையில் தருவேன். யாராவது கேட்டால் காட்டுங்கள்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது நல்ல கேள்வி. இதை ஏன் இவர் அன்றைக்கே கேட்கவில்லை?"

பிள்ளைகளே, இந்தக் கேள்விக்கு எத்தனையோ பதில் இருந்தது. அவர் பயந்திருப்பார் என்றிருக்கலாம். எனக்குத் தெரியாது என்றிருக்கலாம். தோளைக் குலுக்கினாலே போதும். எனக்கு அப்போது இந்த வேலைதான் வருமானம், கணவருக்கு வேலையில்லை.

"அன்றைக்கே கேட்டார்," என்றேன். "நான்தான் மொழிபெயர்க்கவில்லை."

அவர் சத்தம் போடவில்லை. பேனாவை எடுத்து, நான் சொன்னதை அப்படியே அறிக்கையில் எழுதினார். எழுதிவிட்டு என்னிடம் வாசித்துக் காட்டினார். "சரியா?" என்று கேட்டார். சரி என்றேன். அதன்பின் குலசிங்கம் எல்லாவற்றையும் சொன்னார். பாட்டுப் பாடிக்கொண்டு பின்னால் வந்ததை, ஐந்து பேர் இருந்ததை, முதலில் காலால் உதைத்தவனின் புருவத்தில் வெட்டுத் தழும்பு இருந்ததை. ஒன்றரை மணித்தியாலம். பொலிஸ்காரர் கொடுத்த கடதாசியை இரண்டு தரம் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிரின்ஸ்டெட் பஸ்ஸுக்குப் போனார்.

அந்தப் பொலிஸ்காரர் எனக்கு ஒரு புத்திமதியும் சொன்னதில்லை. தெரியாததைத் தெரியாது என்றதும், என் பிழையை நல்ல மனதோடு மறைத்துவிடாமல் எழுதியதும் போதுமாயிருந்தது.

மாதங்கள் கழித்து வழக்கு வந்தது. அடையாளம் தெரிந்த மூன்று பேர் மேல். புருவத்தில் தழும்புள்ளவன்தான் தலைவன், இருபத்தாறு வயது. மற்ற இருவரும் மைதானத்துப் பெடியன்கள். சாட்சிக் கதிரையில் குலசிங்கம், பக்கத்தில் நான். பால் தொழிற்சாலைக்காரர் தன் சாட்சியத்தை முன்பே முடித்துவிட்டுப் பின்வரிசை வாங்கில் இருந்தார். அதற்குள் யாரோ அவருடைய காரின் கண்ணாடியை உடைத்திருந்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கும் அவர் போய், தன் வழக்கமான இடத்தில் நின்றாராம்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்ததும் முதலில் என்னைத்தான் பிடித்தார். "இந்த மொழிபெயர்ப்பாளர் சாட்சி சொன்னதை மறைத்தவர். பொலிஸ் அறிக்கையிலேயே இருக்கிறது. இவர் வாயிலிருந்து வருவதை நீதிமன்றம் எப்படி நம்புவது?"

நீதிபதி என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். "உண்மை. ஒரு கேள்வியை விட்டேன். பிறகு நானே அதைச் சொன்னேன். இன்றைக்கு ஒன்றும் விடமாட்டேன், ஒன்றும் சேர்க்கமாட்டேன். வேறு ஆள் வேண்டுமென்றால் எழும்பிப் போகிறேன்."

நீதிபதியும் அவருக்கு இருபுறமும் இருந்த பொதுமக்களிலிருந்து தெரிந்தெடுத்த இரண்டு துணை நீதிபதிகளும் தலைகளைச் சேர்த்துப் பேசினார்கள். என் குரல் நடுங்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். பிழையை நாமே முதலில் சொல்லிவிட்டால் அதை வைத்து எவரும் நம்மைப் பெரிதாக மிரட்ட முடியாது. தொடரச் சொன்னார்கள்.

வழக்கறிஞரின் வாதம் எளிமையானது. இது உதைபந்தாட்டச் சண்டை, வேறொன்றுமில்லை. குலசிங்கம் அன்றைக்குக் கழுத்தில் பச்சைச் சால்வை போட்டிருந்தார். அது எதிரணியின் நிறம். தோற்ற பெடியன்கள் எதிரணி ஆதரவாளர் ஒருவரை அடித்தார்கள். பிழைதான், ஆனால் இதில் தோல் நிறமும் இல்லை, அரசியலும் இல்லை.

"நீங்கள் எந்தக் கழகத்தின் ஆதரவாளர்?"

"எனக்கு உந்த விளையாட்டே தெரியாது ஐயா. பழைய உடுப்புக் கடையில வாங்கின சால்வை. குளிருக்குப் போட்டனான்."

"பாட்டுப் பாடினார்கள் என்கிறீர்கள். கழக ஆதரவாளர்கள் கழகத்துப் பாட்டைப் பாடுவார்கள். உங்களுக்கு டேனிஷ் தெரியாது. அது வேறு பாட்டென்று எப்படிச் சொல்வீர்கள்?"

நல்ல கேள்வி என்று அவர் நினைத்திருப்பார்.

"அர்த்தம் தெரியாது ஐயா. பாட்டுத் தெரியும்."

நான் அதை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் குலசிங்கம் பாடத் தொடங்கிவிட்டார். மெதுவான குரலில், இரண்டு வரி. மெட்டு கழகத்துப் பாட்டின் மெட்டு, டென்மார்க்கில் ஞாயிறு தோறும் வானொலியில் கேட்கும் மெட்டு. சொற்கள் வேறு. யாழ்ப்பாணத்து நாக்கில் இரண்டு மூன்று சொல் உருக்குலைந்திருந்தது.

"என்ன சொல்கிறார்?" என்று நீதிபதி என்னிடம் கேட்டார்.

எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. உருக்குலைந்த சொற்களும் விளங்கின. நேராக்கிச் சொல்ல ஐந்து விநாடி போதும். அந்த மூவரையும் பார்த்தபடி உரக்கச் சொல்லவேண்டும் போலவும் இருந்தது. வாய் திறந்தும் விட்டேன். அப்போதுதான் வழக்கறிஞரின் பேனா உயர்ந்து நிற்பதைக் கண்டேன். நான் ஒரு சொல்லைச் செப்பனிட்டாலும் அது குலசிங்கத்தின் சொல் அல்ல, என்னுடைய சொல். அதற்குத்தான் அவர் காத்திருந்தார்.

"அவர் சொன்னது தமிழ் அல்ல," என்றேன். "காதில் கேட்ட ஒலிகளைச் சொல்கிறார். நான் மொழிபெயர்க்க அதில் ஒன்றுமில்லை. திருப்பிச் சொல்லச் சொல்லி நீதிமன்றமே கேட்கலாம்."

நீதிபதி தலையசைத்தார். குலசிங்கம் மறுபடி பாடினார். இம்முறை இன்னும் மெதுவாக, அரிவரிப் பிள்ளை பாடம் ஒப்புவிப்பதுபோல. அர்த்தம் தெரியாத ஒருவர் அதைப் பாடுவதை அறை முழுவதும் கேட்டது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஒரு கடதாசியை எடுத்து நீதிபதியிடம் நீட்டினார். தழும்புக்காரனின் ஜாக்கெட்டில் அகப்பட்ட துண்டுப் பிரசுரம். அதில் அந்த இரண்டு வரியும் அச்சடித்திருந்தது. நீதிபதி விரலை வைத்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார். பக்கத்திலிருந்த துணை நீதிபதி, வயதான பெண், ஜேர்மன் படை இந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தைக் கண்டிருக்கக் கூடியவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பின்வரிசையில் பால் தொழிற்சாலைக்காரர் தலை குனிந்திருந்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப்பின் உதைபந்தாட்டச் சண்டை என்ற பேச்சே எழவில்லை.

தழும்புக்காரனுக்குச் சிறை. மற்ற இருவரில் ஒருவனுக்குச் சிறை, இளையவனுக்கு ஒத்திவைத்த தண்டனை. கழகம் மூவரையும் மைதானத்துக்குள் விடவில்லை. குலசிங்கத்தின் மனைவியின் கோவைக்கு இந்த வழக்கால் ஒரு கேடும் வரவில்லை, ஒரு நன்மையும் வரவில்லை. அது தன் பாட்டில் கிடந்தது. முடக்கம் நீங்கி எல்லோருடைய கோவைகளும் அசைந்தபோது அதுவும் அசைந்தது. மனைவியும் இரண்டு மகள்மாரும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்துக்கு என்னையும் வரச் சொன்னார். நான் போகவில்லை, அங்கே மொழிபெயர்ப்பாளருக்கு வேலையில்லை.

ஆனால் தீர்ப்பு நாளில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை.

எல்லோரும் போன பிறகு நீதிமன்றத் தாழ்வாரத்தில் குலசிங்கம் என்னிடம் வந்தார். "ரீச்சர், அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்? அண்டைக்கு எல்லாரும் ஏன் அப்பிடி ஆனவை?"

நான் அப்போது வேலையில் இல்லை. விடலாம், மெதுவாக்கலாம், ஏதாவது பொய்யும் சொல்லலாம். உள்ளதைச் சொன்னேன். "'கறுப்பா, வந்த வழியாலேயே ஓடு; எங்கட அடுப்பு இன்னும் ஆறேல்லை.' நாஜிகள் ஆக்களைப் போட்டு எரிச்சவங்கள் அண்ணை, அந்த அடுப்பைச் சொல்லுறாங்கள்."

அவர் தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்தார்.

"எனக்குத் தெரியாது ரீச்சர். பின்னால பாட்டுக் கேட்டது. நல்ல மெட்டு. என்னைப் பாத்துத்தான் பாடுறாங்கள் எண்டு விளங்கினது. இந்த நாட்டுக்கு வந்து ஒருத்தரும் என்னோட தாங்களா வந்து கதைச்சதில்லை. நான் சிரிச்சுக்கொண்டு திரும்பினனான்."

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். அழைப்பாணைக் கடதாசியின் பின்பக்கத்தைத் திருப்பிச் சுவரில் வைத்துப் பிடித்தார்.

"எழுதித் தாங்கோ. டேனிஷிலயும் தமிழிலயும். இனிக் கேட்டா விளங்கவேணும்."

எழுதினேன். டேனிஷ் எழுத்துகளின்மேல் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். இரண்டாவது வரியில் ஒரு சொல்லில் நின்றார்.

"இதைத்தான் நான் பிழையாச் சொன்னனான், என்ன?"

"ஓம் அண்ணை."

அதை இரண்டு தரம் சரியாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு, வாற திங்கள் டேனிஷ் வகுப்புத் தொடங்குதாமே, பெயர் பதிய எங்கே போகவேண்டும் என்று என்னிடம் கேட்டார்.